வளர்த்தவருக்கே பிள்ளை

(‘குழந்தைக்கு உரியவர் பெற்றவரே! வளர்த்தவரே!’ என்ற தலைப்பில் மந்தாரக்குப்பத்தில் நடந்த பட்டிமன்றத்தில், ‘வளர்த்தவரே’ அணியில் பேசிய உள்ளூர் ஆசிரியையின் உரை)

மதிப்பிற்குரிய நடுவர் ஐயா அவர்களே, என் அணித் தலைவர் அவர்களே, எதிரணியில் கொஞ்சம் கவலையோடு உட்கார்ந்திருக்கிற நண்பர்களே (சிரிப்பு), மந்தாரக்குப்பத்துப் பெரியோர்களே, தாய்மார்களே, வீட்டில் காப்பி ஆறிப்போவது தெரியாமல் தொலைக்காட்சியில் எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிற நேயர்களே!

வெளியூர்ப் பேச்சாளர்கள் எல்லாம் ரயிலிலும் காரிலும் வந்திருக்கிறார்கள். நான் உள்ளூர்க்காரி. கடைத்தெருவிலிருந்து நடந்தே வந்தேன். கையில் ஒரு பை வேற. வழியில் ஒரு ஆயா என்னை நிறுத்தி, “ஏம்மா, நீயும் அந்தக் கண்ணம்மா மாதிரி பையைத் தூக்கிக்கிட்டு வூட்டை விட்டுக் கிளம்பிட்டியா?”ன்னு கேட்டாங்க. (பலத்த சிரிப்பு) “இல்லை ஆயா, பட்டிமன்றத்துல பேசப் போறேன்”னேன். “அதுக்கு அதுவே தேவலாம்”னுட்டாங்க. (சிரிப்பு, கைதட்டல்)

அந்த ஆயா கேட்ட கேள்வியில்தான் ஐயா இன்றைக்கு நம் தலைப்பே இருக்கிறது. ‘பாரதி கண்ணம்மா’ என்ற தொடர் 2019 பிப்ரவரியில் விஜய் தொலைக்காட்சியில் தொடங்கி நாலு வருஷம் ஓடியது. மலையாளத்தில் ‘கறுத்தமுத்து’ என்று வந்த கதை. தெலுங்கில் ‘கார்த்திக தீபம்’ என்று ஓடியது. மூன்று மாநிலத்துத் தாய்மார்களும் ஒரே கதைக்கு மூன்று மொழியில் அழுதிருக்கிறோம். அப்படி என்ன கதை?

பாரதி ஒரு டாக்டர். தனக்குப் பிள்ளை பிறக்காது என்று அவர் நம்ப வைக்கப்படுகிறார். மனைவி கண்ணம்மா கர்ப்பம் என்றதும் ‘இது யார் பிள்ளை?’ என்று சந்தேகம். அந்தப் பொண்ணு பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது. நடந்தது, நடந்தது, அப்படி ஒரு நடை நடந்தது. அந்த வேகத்தில் விருத்தாசலம் போக வழி மந்தாரக்குப்பம்தானே, நம்ம பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வந்தால் ஒரு டீ வாங்கிக் கொடுப்போம் என்று நாங்களெல்லாம் காத்திருந்தோம். (பலத்த சிரிப்பு)

பிறந்தது இரட்டைப் பெண் குழந்தை. ஒன்று லட்சுமி, தாயிடம் வளர்கிறது. இன்னொன்று ஹேமா, தாய்க்குத் தெரியாமல் பிரிக்கப்பட்டு, அனாதைக் குழந்தை என்ற பெயரில் தகப்பனிடமே வளர்கிறது. தன் சொந்த மகள் என்று தெரியாமலே பாரதி ஹேமாவை வளர்க்கிறார். உயிரையே வைக்கிறார். பெற்றவளிடம் இருக்கிற லட்சுமியை மட்டும் ‘என் மகள்’ என்று சொல்ல மறுக்கிறார்.

எதிரணிப் பேராசிரியர் ஐயா இதைத்தான் எடுத்துப் பேசினார். “தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும். ஹேமா மேல் பாரதிக்கு ஏன் அத்தனை பாசம்? தெரியாமலே ரத்தம் ரத்தத்தை இழுத்தது!” என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன், சும்மா ஒரு மரியாதைக்கு. (சிரிப்பு)

பேராசிரியர் ஐயா, நான் ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். ஹேமாவுக்கு ஆடிய அந்தச் சதை லட்சுமிக்கு ஏன் ஆடவில்லை? இரண்டும் ஒரே வயிறு. ஒரே நாள். ஒரே ரத்தம். லட்சுமியைப் பார்த்து அந்த மனுஷன் சிரித்திருக்கலாம், பேசியிருக்கலாம். ‘நீ என் பிள்ளை’ என்று சொல்வதற்கு மட்டும் ஒரு காகிதம் கேட்டார். டி.என்.ஏ. ரிப்போர்ட் கேட்டார். ஹேமாவுக்கு எந்தக் காகிதம் கேட்டார்? ஒன்றும் கேட்கவில்லை. என்ன காரணம்? ஹேமாவைத் தூக்கி வளர்த்தார். பல் முளைத்ததைப் பார்த்தார். காய்ச்சலுக்கு விழித்திருந்தார். ஆக, நீங்கள் கொண்டு வந்த சாட்சி எங்கள் பக்கம்தான் சாட்சி சொல்கிறது ஐயா! (பலத்த கைதட்டல்)

அந்த டி.என்.ஏ. சோதனையைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஒரு டாக்டர், அதைச் செய்து பார்க்க வருஷக்கணக்காய் யோசித்தார். வாரா வாரம் “இந்த வாரம் ரிசல்ட்டு வந்துடும்”னு எங்கள் தெருவே காத்திருந்தது. பத்தாவது ரிசல்ட்டுக்குக்கூட நாங்கள் அப்படிக் காத்திருந்ததில்லை. (சிரிப்பு) உண்மையில் அது ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை. கன்னத்தின் உள்பக்கத்தைப் பஞ்சால் தடவி எடுத்தால் போதும். பிள்ளையின் மரபணுவில் பாதி தாயிடமிருந்து வந்தது, பாதி தகப்பனிடமிருந்து வந்தது. தாயின் பங்கைக் கழித்துவிட்டு, மீதிப் பங்கு இந்த மனிதனோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறார்கள்.

இந்த மரபணு ரேகை முறையை 1984-இல் இங்கிலாந்தில் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் கண்டவர் அலெக் ஜெஃப்ரீஸ் என்ற விஞ்ஞானி. மறு வருஷமே அது ஒரு தாயின் கண்ணீரைத் துடைக்கத்தான் பயன்பட்டது. கானா நாட்டுக்குப் போய்த் திரும்பிய ஒரு பையனை, ‘இவன் உன் மகன்தான் என்பதற்கு என்ன ஆதாரம்?’ என்று குடியேற்ற அதிகாரிகள் தடுத்தார்கள். 1985-இல் சோதனை அவனைத் தாயோடு சேர்த்து வைத்தது. நம் நாட்டில் ஐதராபாத்தில் உள்ள உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தில் லால்ஜி சிங் இந்த வித்தையை வளர்த்தார். தலச்சேரி நீதிமன்றத்துக்கு வந்த தகப்பன் வழக்கு ஒன்றில் அங்கிருந்துதான் சோதனை முடிவு வந்தது. 1991-இல் கேரள உயர் நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது.

நான் விஞ்ஞானத்துக்கு எதிரி இல்லை. ஒரு பொண்ணை ஏமாற்றிவிட்டு ‘எனக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை’ என்று ஓடுகிறவனைப் பிடித்து இழுத்து வர அந்தச் சோதனை வேண்டும். ஓடுகிறவனை அது பிடிக்கும். ஆனால் பிடித்து வந்தவனைத் தகப்பனாக்க அந்த மிஷினால் முடியுமா? யார் விதை என்று அது சொல்லும். நாளைக் காலையில் யார் தலைவாரி, டிபன் கட்டி, பள்ளிக்கூட வேனில் ஏற்றி விடப்போகிறார் என்று அது சொல்லாது. (கைதட்டல்)

நீதிமன்றங்களுக்கே இந்தப் பயம் உண்டு. சட்டப்படி நடந்த திருமணத்தில் பிறந்த பிள்ளை அந்தக் கணவனின் பிள்ளைதான் என்று 1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டம் 112-ஆம் பிரிவிலேயே சொல்லிவிட்டது. 2024 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கிற புதிய சட்டமும் 116-ஆம் பிரிவில் அதையே சொல்கிறது. கணவனும் மனைவியும் சேரவே வாய்ப்பில்லாமல் இருந்தார்கள் என்று காட்டினால்தான் விலக்கு. ‘சும்மா சந்தேகம் என்பதற்காக ரத்தப் பரிசோதனைக்கு உத்தரவிட முடியாது’ என்று உச்ச நீதிமன்றம் 1993-இல் சொன்னது. 2023 பிப்ரவரியில் இன்னொரு வழக்கில், பெரியவர்கள் சண்டையில் பிள்ளையின் பிறப்பை விளையாட்டாகக் கேள்விக்கு உள்ளாக்கக் கூடாது என்றும் சொன்னது. ஏன்? புருஷன் பெண்டாட்டி சண்டை இரண்டு வருஷத்தில் தீரும். ‘நீ யார் பிள்ளை?’ என்ற கேள்வி அந்தக் குழந்தையின் நெற்றியில் ஆயுசுக்கும் நிற்கும்.

எதிரணித் தங்கை ஒருவர் சுனாமிக் குழந்தையைச் சொல்லி எல்லாரையும் அழ வைத்தார். உண்மைதான். 2004 டிசம்பர் 26. இலங்கையில் கல்முனை ஆஸ்பத்திரி. அன்றைக்குச் சேர்க்கப்பட்ட 81-ஆவது ஆளாக ஒரு கைக்குழந்தை. பெயர் தெரியாது, ‘81-ஆம் எண் குழந்தை’. ஒன்பது தம்பதிகள் ‘எங்கள் பிள்ளை’ என்று அடித்துக்கொண்டதாக உலகப் பத்திரிகைகள் எழுதின. கடைசியில் பார்த்தால் முறைப்படி உரிமை கேட்டு நீதிமன்றம் போனது ஒரே ஒரு தம்பதி. பத்திரிகைக்காரர்களுக்கும் அவ்வப்போது சீரியல் ஆசை வந்துவிடுகிறது! (சிரிப்பு) 2005 பிப்ரவரியில் டி.என்.ஏ. முடிவு வந்து குழந்தை அவர்கள் கைக்குப் போனது. அந்தத் தங்கை, ‘பாருங்கள், ரத்தம் ஜெயித்தது’ என்றார்.

தங்கச்சி, அந்தத் தாய்க்கு டி.என்.ஏ. முடிவு பார்த்தா தன் பிள்ளையைத் தெரிந்தது? அலை வருகிற வரைக்கும் மாதக்கணக்கில் பால் கொடுத்துத் தாலாட்டியவள் அவள். தொட்டதும் தெரிந்துவிட்டது. சோதனை தேவைப்பட்டது கோர்ட்டுக்கு, தாய்க்கு இல்லை. அதே அலை நம் நாகப்பட்டினத்தில் எத்தனையோ பிள்ளைகளைத் தனியாக விட்டுப் போனது. அங்கே அன்னை சத்யா இல்லத்தில் வளர்ந்த ஒரு பெண் குழந்தைக்கு 2022-இல் கல்யாணம். முன்னின்று நடத்தி வைத்தவர் சுனாமி நேரத்தில் அந்தப் பகுதியில் ஆட்சியராகப் பணி செய்த ராதாகிருஷ்ணன். எத்தனை ஊர் மாற்றல், எத்தனை பதவி! ‘அப்பா’ என்று கூப்பிட்ட குரலுக்கு அந்த மனுஷன் பதினேழு வருஷம் கழித்தும் வந்து நின்றார். எந்த மரபணு அவரை அங்கே இழுத்து வந்தது? (பலத்த கைதட்டல்)

ஐயா, இது புதுசாகக் கண்டுபிடித்த பாசம் இல்லை. வில்லிபுத்தூரில் துளசித் தோட்டத்தில் கிடைத்த குழந்தை கோதை. பெரியாழ்வார் எடுத்து வளர்த்தார். அந்தப் பெண் தன் பாடல்களின் முடிவில் எல்லாம் என்ன கையெழுத்துப் போடுகிறாள்? ‘இன்னாருடைய கோதை நான்’ என்று வளர்த்த தகப்பன் பெயரைத்தான் போடுகிறாள். தமிழ்நாட்டின் முதல் இனிஷியலே வளர்ப்புத் தகப்பன் இனிஷியல்தான் போலிருக்கிறது! (சிரிப்பு, கைதட்டல்) உழுத மண்ணில் கிடைத்த பெண்ணை ஜனகன் வளர்த்தான், அவள் ஜானகி ஆனாள். கர்ணன்? குந்தி பெற்றாள், ராதை வளர்த்தாள். அவனுக்கு ராதேயன் என்றுதான் பெயர். போருக்கு முன்னால் கண்ணன் வந்து பிறப்பு ரகசியத்தைச் சொல்லி, ‘வா, ராஜ்ஜியமே உனக்கு’ என்று கூப்பிட்டபோது, எனக்குப் பெயர் வைத்தவர், பால் கொடுத்தவள் இவர்கள் இருக்கும்போது எப்படி வருவேன் என்று கர்ணன் மறுத்துவிட்டான்.

வள்ளுவரும் எங்கள் பக்கம்தான். ஒரு தாய்க்குப் பெற்ற நேரத்தில் வருகிற மகிழ்ச்சி பெரிதா, தன் மகனை ஊரார் சான்றோன் என்று சொல்லக் கேட்கும்போது வருகிற மகிழ்ச்சி பெரிதா என்றால் இரண்டாவதே பெரிது என்கிறார். பெற்றது ஒரு நாள் ஐயா. சான்றோன் ஆக்குவது இருபது வருஷம்.

தொலைக்காட்சி நேயர்களுக்கும் இது தெரியும். 1999-இல் ‘சித்தி’ வந்தது. ராதிகா நடித்த அந்தச் சாரதா, காவேரியைப் பெற்றவளா? இல்லை. ஆனாலும் ராத்திரி சமையலைச் சீக்கிரம் முடித்துவிட்டு உட்கார்ந்த நாம் அத்தனை பேரும் சித்தி பக்கம்தானே நின்றோம்? அப்போதே நீங்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டீர்கள். இப்போது நடுவர் ஐயா அதைப் படித்தால் போதும். (சிரிப்பு)

அப்படியென்றால் இந்தத் தொடர்களில் என்னதான் குறை என்கிறீர்களா? சொல்கிறேன். இனி நான் சிரிக்க வைக்கப் போவதில்லை. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தொடர்களில் தத்துப் பிள்ளை, கடைசி வரைக்கும் தத்துப் பிள்ளையாகவே இருந்து நல்லா இருந்ததை அதிகம் பார்த்திருக்கிறீர்களா? முக்கால்வாசிக் கதையில் ஒரு நாள் உண்மை உடையும். ‘நீ இந்த வீட்டு ரத்தம்தான்!’ என்று யாராவது கத்துவார்கள். மூன்று தடவை முகத்தைக் காட்டுவார்கள், இடி இடிக்கும். எல்லோரும் கட்டிப்பிடித்து அழுவார்கள். அப்புறம்தான் சுபம். அதாவது, அந்தக் குழந்தை முழு உரிமையோடு அந்த வீட்டில் நிற்க வேண்டுமானால் அது தத்து இல்லை என்று ஆக வேண்டும். அவ்வளவு பாசமாய் வளர்த்த கதையையே கடைசியில் அந்த ஒரு ரிப்போர்ட் வந்து அழித்துவிடுகிறது.

இதை யார் பார்க்கிறார்கள் தெரியுமா ஐயா? என் வீட்டில் என் மகள் பார்த்தாள்.

என் வீட்டுக்காரருக்குச் சுரங்கத்தில் வேலை. கல்யாணம் ஆகிப் பதினொரு வருஷம் எங்களுக்குக் குழந்தை இல்லை. 2012-இல் முறைப்படி விண்ணப்பித்து, காத்திருந்து, ஒரு இல்லத்திலிருந்து நாலு மாசக் குழந்தையை எடுத்து வந்தோம். எங்கள் தெருவே வந்து பார்த்தது. அவளுக்குச் சொல்ல வேண்டும் என்று எங்களிடம் சொல்லித்தான் அனுப்பினார்கள். கதை போல, சின்ன வயசிலிருந்தே, கொஞ்சம் கொஞ்சமாய்ச் சொல்லுங்கள் என்றார்கள். நாங்கள் சொல்லவில்லை. ஒண்ணாவது போகட்டும் என்றோம். மூணாவது போகட்டும் என்றோம். பயம் ஐயா. சொன்னால் போய்விடுவாளோ என்ற பயம். நான் வகுப்பில் நூறு பிள்ளைக்கு ‘உண்மை பேசு’ என்று பாடம் நடத்துகிறவள்.

அந்தத் தொடர் ஓடிக்கொண்டிருந்த காலம். அவளுக்குப் பத்து வயசு. அவர் நைட் ஷிப்ட் போயிருந்தார். நாங்கள் இரண்டு பேரும் சாப்பிட்டுக்கொண்டே பார்க்கிறோம். அவள் திடீரென்று கேட்டாள்: “அம்மா, ஹேமா சொந்தப் பொண்ணுன்னு தெரிஞ்சா அந்த அப்பாவுக்குப் பாசம் இன்னும் கூடிடுமா? அப்ப நிஜமாவே தத்துப் பொண்ணா இருந்திருந்தா, அவளுக்கு இவ்ளோதானா?”

அந்தக் கேள்விக்கு நான் கையில் எடுத்த சோற்றை வாயில் வைக்க முடியவில்லை. (அமைதி)

நான் டி.வி.யை நிறுத்தினேன். அன்றைக்குத்தான் சொன்னேன். அழாமல் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், முடியவில்லை. அவள் அழவில்லை. ரொம்ப நேரம் கழித்து, “என்னைப் பெத்தவங்க ஏன் விட்டாங்க?” என்று மட்டும் கேட்டாள். “எனக்குத் தெரியாதும்மா”ன்னேன். அது ஒன்றுதான் என்னிடம் இருந்த உண்மை. “ஆனா ஒண்ணு தெரியும். உன்னை உயிரோட, பத்திரமா இருக்கிற இடத்துல சேர்த்துட்டுப் போயிருக்காங்க”ன்னேன்.

இந்த இடத்தில் எதிரணிக்கு நான் ஒரு மரியாதை செய்ய வேண்டும். பெற்றவள் எனக்கு எதிரி இல்லை. பெண் குழந்தை என்றால் கள்ளிப்பால் என்று இருந்த காலத்தை நாம் மறந்துவிடக் கூடாது. அதனால்தான் 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. 2001-இல் மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரி என்று விரிந்தது. 2011-இல் நம்ம கடலூர் மாவட்டத்துக்கும் வந்தது. ராத்திரி இருட்டில் வந்து, அந்தத் தொட்டிலில் குழந்தையை வைத்துவிட்டு, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போன ஒவ்வொரு தாயும் அந்தக் குழந்தைக்கு உயிரை இரண்டாம் முறை கொடுத்திருக்கிறாள். அவளைத் திட்டி நான் ஜெயிக்க வேண்டாம். என் மகளுக்குப் பதினெட்டு வயசு ஆனதும், தன் வேரைத் தேட விரும்பினால் அதற்குத் தத்து விதிகளிலேயே வழி இருக்கிறது. அவள் தேடினால் பஸ்ஸுக்குக் காசு கொடுத்து நானும் கூடவே போவேன். (கைதட்டல்)

விடியற்காலை அவர் ஷிப்ட் முடிந்து வந்தார். உடம்பெல்லாம் கரித்தூள். இவள் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறாள். அவரைப் பார்த்து, “அப்பா, என் பேருக்கு முன்னாடி இருக்கிறது உங்க எழுத்துதானே?” என்று கேட்டாள். நான் உள்ளே நின்று நடுங்குகிறேன். அவருக்கு ஒரு நிமிஷத்தில் எல்லாம் புரிந்துவிட்டது. அவர் பட்டிமன்றம் எல்லாம் பேசுகிறவர் இல்லை. செருப்பைக் கழற்றிக்கொண்டே, “ஏன், வேற எழுத்து எதாச்சும் வேணுமா?”ன்னார். இவள் சிரித்துவிட்டாள். அப்புறம்தான் ஐயா அழுதாள். அந்தக் கரிச் சட்டையிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். (பலத்த கைதட்டல்)

இப்போது ஒன்பதாவது படிக்கிறாள். ‘இதை மேடையில் சொல்லட்டுமா?’ என்று அவளிடம் கேட்டுவிட்டுத்தான் வந்தேன். “சொல்லும்மா, ஆனா என் பேரைச் சொல்லாதே”ன்னாள். கூட்டத்தில்தான் இருக்கிறாள். கேமராத் தம்பி, நீங்க தேட வேண்டாம். (சிரிப்பு, கைதட்டல்)

இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்வது சுலபமாய்ப் புரியும். நம் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் என்ன இருக்கிறது? ஊற்று நீர். பெரிய அழுத்தத்தோடு மேலே முட்டிக்கொண்டிருக்கிற நீர். ராப்பகலாய் அதை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இறைக்காமல் விட்டால் அடித்தரையையே பிளந்துகொண்டு சுரங்கத்தை மூழ்கடித்துவிடும். சொல்லாத உண்மையும் அப்படித்தான். கொஞ்சம் கொஞ்சமாய் இறைத்துவிட வேண்டும். பத்து வருஷம் அடைத்து வைத்தால், யாரோ ஒரு பக்கத்து வீட்டுக்காரர் வாயாலோ, ஒரு சீரியலாலோ, அது பிளந்துகொண்டு வரும். நான் பிழைத்தது என் கெட்டிக்காரத்தனத்தால் இல்லை, என் மகளின் நல்ல மனசால். 2002-இல் வந்த ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படத்தில் அந்த அமுதாவுக்கு ஒன்பதாவது பிறந்த நாளில் உண்மையைச் சொல்வார்கள். படம் பார்த்தபோது ‘ஐயோ, குழந்தைக்கு இவ்வளவு சீக்கிரமா?’ என்று நினைத்தவள் நான். இப்போது, ‘ஒன்பது வயசு வரைக்கும் ஏன் காத்திருந்தார்கள்?’ என்று கேட்கிறேன்.

நெய்வேலி என்பதே என்ன ஐயா? 1930-களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு வெட்டும்போது கறுப்பாய் ஏதோ வந்தது. 1956 நவம்பரில் நிறுவனம் பிறந்தது. சுரங்கத்துக்காக எத்தனை கிராமம் நிலத்தைக் கொடுத்துவிட்டு வேரோடு பெயர்ந்தது! அந்த வலி இன்னும் பல வீட்டில் இருக்கிறது, அதை நான் மறைக்கவில்லை. இன்னொரு பக்கம், திருநெல்வேலியிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் கேரளாவிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் வேலைக்கு வந்து குடியேறியவர்கள் எத்தனை பேர்! அவர்கள் பிள்ளைகளைப் போய் ‘எந்த ஊர்?’ என்று கேளுங்கள். தாத்தா ஊரைச் சொல்வதில்லை. ‘நெய்வேலி’ என்கிறார்கள். இந்த மண் அவர்களைப் பெறவில்லை, வளர்த்தது. பக்கத்தில் வடலூர். வள்ளலார் 1867-இல் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்றைக்கும் எரிகிறது. இலைக்கு முன்னால் உட்கார்ந்தவனை ‘நீ யார் பெற்ற பிள்ளை?’ என்று அந்த அடுப்பு ஒரு நாளும் கேட்டதில்லை. (பலத்த கைதட்டல்)

அதே 1956-இல்தான் இந்துக்களுக்கான தத்துச் சட்டமும் வந்தது. அதன்படி, தத்து எடுத்த நாளிலிருந்து எல்லா வகையிலும் அது அந்த வீட்டுப் பிள்ளை. முறைப்படி எடுத்த தத்தை ரத்து செய்ய அந்தச் சட்டத்தில் வழியே கிடையாது. பெற்ற பிள்ளையைக் கோபம் வந்தால் ‘தலை முழுகிட்டேன்’ என்கிறோம். தத்துப் பிள்ளையைத் தலை முழுகச் சட்டத்திலேயே இடம் இல்லை! (சிரிப்பு) மதம் பார்க்காமல் யாரும் தத்து எடுக்கச் சிறார் நீதிச் சட்டம் வழி செய்கிறது. 2022 செப்டம்பரிலிருந்து அந்த உத்தரவைக் கோர்ட்டுக்குப் பதிலாக மாவட்ட ஆட்சியரே கொடுக்கிறார். சட்டம் இத்தனை தூரம் வந்துவிட்டது. நம் வீட்டு டி.வி. இன்னும் வர வேண்டியிருக்கிறது.

தொடர் எழுதுகிற நண்பர்களுக்கு இந்த மேடையிலிருந்து ஒரு வேண்டுகோள். ஒரே ஒரு கதை எழுதுங்கள். அதில் ஒரு தத்துப் பிள்ளை வரட்டும். கடைசி வாரம் டி.என்.ஏ. ரிப்போர்ட்டும் வரட்டும். ‘இந்தக் குழந்தைக்கும் இந்தக் குடும்பத்துக்கும் ரத்த சம்பந்தம் இல்லை’ என்றே அதில் இருக்கட்டும். அந்தத் தகப்பன் அதைப் படித்துவிட்டு, மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, “பாப்பா, சாப்பிட்டியா?” என்று கேட்கட்டும். அங்கே ‘சுபம்’ போடுங்கள். அதை என் மகளும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறோம். (நீண்ட கைதட்டல்)

ஆகவே நடுவர் ஐயா அவர்களே, பெற்றவர்களை வணங்குகிறேன். அவர்கள் உயிர் கொடுத்தார்கள். ஆனால் ‘குழந்தைக்கு உரியவர் யார்?’ என்று கேட்டால், ராத்திரி காய்ச்சலில் அந்தக் குழந்தை கண்ணைத் திறக்காமலே கை நீட்டித் தேடுகிறதே, அந்தக் கைக்கு எட்டுகிற தூரத்தில் யார் இருக்கிறாரோ அவரே உரியவர். அவர் வளர்த்தவரே, வளர்த்தவரே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு தங்களைப் பணிவோடு கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.